கேப் மே போகிறீர்களா? பீச்சை ஓரமாக வையுங்கள், ஊரைப் பாருங்கள்

நியூ ஜெர்சியில் கடற்கரை என்றாலே நம்மவர்கள் வாயில் முதலில் வருவது பாயிண்ட் பிளெசன்ட், அதை விட்டால் அட்லாண்டிக் சிட்டி. மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் கேப் மே என்று யாராவது ஆரம்பித்தால், "அவ்வளவு தூரம் எதுக்கு, அங்கேயும் இதே தண்ணிதானே?" என்பார்கள். இதே தண்ணிதான். கடலில் குளிக்க மட்டும் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன், கிட்டத்தில் இருக்கும் பீச்சுக்கே போய்விட்டு வாருங்கள். கேப் மேக்குப் போவது ஊருக்காக. 1976ல் அந்த நகரம் முழுவதையுமே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் மர வீடுகள் சுமார் 600, ஆள் புழங்கும் வீடுகளாகவே தெருத் தெருவாக நிற்கின்றன. இது தெரியாமல் ஜூலை சனிக்கிழமை காலையில் கிளம்பி, மதியம் போய்ச் சேர்ந்து, பார்க்கிங் தேடி அலைந்து, இரண்டு மணி நேரம் கூட்டத்தோடு கூட்டமாக நனைந்து, ராத்திரியே திரும்பி வந்து "ஒண்ணும் பெரிசா இல்லப்பா" என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

அதனால் முதலில் தேதி. மே கடைசி திங்கள் மெமோரியல் டே, செப்டம்பர் முதல் திங்கள் லேபர் டே, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சீசன். முடிந்தால் சீசனைத் தவிருங்கள். என்னைக் கேட்டால் லேபர் டே முடிந்த அடுத்த வாரத்திலிருந்து அக்டோபர் நடு வரைக்கும்தான் கேப் மேயின் நல்ல காலம். கோடை முழுக்க வெயில் வாங்கிய கடல் அவ்வளவு சீக்கிரம் ஆறாது, செப்டம்பரில் தண்ணீர் ஜூன் மாதத்தை விட இதமாக இருக்கும். ஜூனில் வெளியே வெயில் கொளுத்தும், காலை நனைத்தால் எலும்பு வரைக்கும் சில்லென்று ஏறும். ஜூலையில் நிலத்துப் பக்கமிருந்து காற்று அடித்தால் உப்புச் சதுப்பிலிருந்து பச்சைக் கண் ஈ கிளம்பி வரும். அது கடித்தால் கொசுக்கடி எல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். செப்டம்பரில் இந்தத் தொல்லை இல்லை, ரூம் வாடகை இறங்கிவிடும், உணவகத்தில் பெயர் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கவும் வேண்டாம்.

பள்ளிக்கூடம் திறந்துவிடுமே என்றால், வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு திரும்பலாம், தாராளமாகப் போதும். அக்டோபரில் கொலம்பஸ் டேயை ஒட்டி ஒரு நீண்ட வார இறுதி கிடைக்கும். நவம்பர் ஆரம்பத்தில் ஆசிரியர் மாநாட்டுக்காக நியூ ஜெர்சி பள்ளிகளுக்கு வியாழன், வெள்ளி விடுமுறை வருமே, அதையும் பலர் யோசிப்பதில்லை. அப்போது கடலில் இறங்க முடியாது, ஆனால் நடக்க அருமையான குளிர். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களைக் கூட்டிக்கொண்டு போவதற்கும் செப்டம்பர்தான் சரி. அவர்களுக்கு ஜூலை வெயிலும் கூட்டமும் வேண்டாம், நவம்பர் குளிரும் வேண்டாம்.

போகும் வழியில் குழப்பமே இல்லை. கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் தெற்கே ஓட்டிக்கொண்டே இருங்கள், எக்ஸிட் எண் குறைந்துகொண்டே வந்து 0 ஆகும், அதுதான் கேப் மே. எடிசன் நகரப் பக்கமிருந்து ரோடு காலியாக இருந்தால் இரண்டே கால், இரண்டரை மணி நேரம். வெள்ளி மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினால் அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். சனிக்கிழமையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சீசனில் வாடகை வீடுகளை சனி முதல் சனி வரை என்றுதான் விடுவார்கள், அதனால் ஒரு கூட்டம் காலி செய்துகொண்டு வடக்கே வரும், அதே நாளில் இன்னொரு கூட்டம் தெற்கே போகும், பார்க்வே இரண்டு பக்கமும் திணறும். சீசனில்தான் போயாக வேண்டும் என்றால் ஞாயிறு மதியம் போய் வியாழன் திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், பாதித் தலைவலி தீர்ந்தது. கார் இல்லாதவர்களுக்கு நியூயார்க் போர்ட் அத்தாரிட்டி பஸ் நிலையத்திலிருந்தும் ஃபிலடெல்ஃபியாவிலிருந்தும் நியூ ஜெர்சி டிரான்சிட் பஸ் இருக்கிறது. நேரம் கூடுதலாக எடுக்கும், ஆனால் ஊருக்கு நடுவிலேயே இறக்கிவிடும், அப்புறம் வண்டியே தேவைப்படாது.

தங்குமிடம்தான் நம் ஆட்கள் சறுக்கும் இடம். பழைய விக்டோரியன் (19ஆம் நூற்றாண்டுப் பாணி) வீட்டில் தங்கினால்தான் கேப் மே என்று படத்தைப் பார்த்து பி அண்ட் பி (காலை உணவோடு ரூம் விடும் வீடு) புக் செய்துவிடுவார்கள், போன பிறகுதான் தெரியும், லிஃப்ட் கிடையாது, ரூம் மூன்றாவது மாடியில், படி செங்குத்தாக, அம்மாவுக்கோ முட்டி வலி. புக் செய்வதற்கு முன்னால் போன் போட்டே கேட்டுவிடுங்கள்: ரூம் எந்த மாடியில், குளியலறை உள்ளேயே இருக்கிறதா, நின்று குளிக்கும் இடமா அல்லது ஏறி இறங்க வேண்டிய தொட்டியா, எத்தனை வயதுக்கு மேல் குழந்தைகளை அனுமதிப்பார்கள் (பல பி அண்ட் பிக்களில் சின்னக் குழந்தைகளுக்கு இடமில்லை, அதை முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்கள்), குறைந்தது எத்தனை இரவு தங்க வேண்டும், வண்டி நிறுத்த இடம் உண்டா. காலை உணவு அங்கே ஒரு பெரிய விஷயம், எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பரிமாறும் வீடுகளும் உண்டு. சைவம், அதிலும் முட்டை சாப்பிடமாட்டோம் என்பதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள், முகம் சுளிக்காமல் வேறு ஏதாவது செய்து தருவார்கள். சொல்லாமல் போனால் தட்டில் முட்டைதான் வந்து நிற்கும்.

ஜோடியாகப் போகிறவர்களுக்கு பி அண்ட் பி சரி. சின்னக் குழந்தைகளும் பெரியவர்களுமாகப் போனால் பீச் அவென்யூவில் வரிசையாக இருக்கும் மோட்டல்களில், சின்னச் சமையலறையோடு வருகிற ரூமைப் பிடியுங்கள். வரலாற்று வாசனை இருக்காது, ஆனால் ரைஸ் குக்கரை வைத்துக்கொள்ளலாம், கடல் எதிரிலேயே இருக்கும், வரலாறு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது, நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எதில் தங்கினாலும் பீச் டேக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். சீசனில் பகல் நேரத்தில் 12 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லாருக்கும் மணலில் கால் வைக்கவே டேக் வேண்டும், காசு கொடுத்து வாங்க வேண்டியது. பெரும்பாலான தங்குமிடங்கள் விருந்தினருக்கு இரவல் தரும், நாற்காலியும் சைக்கிளும் கூடத் தரும் இடங்கள் உண்டு, இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் எந்த ரூம் மலிவு என்று முடிவு செய்ய வேண்டும். சும்மா கடற்கரையோரம் நடக்க டேக் தேவையில்லை, மணலுக்கும் தெருவுக்கும் நடுவில் பிராமனேட் என்ற நடைபாதை இருக்கிறது. முன்பு அங்கே மரப்பலகை போர்டுவாக்தான் இருந்தது, 1962 மார்ச் புயல் அதை அடித்துக்கொண்டு போன பிறகு தரை போட்டுக் கட்டினார்கள்.

போய் இறங்கியதும் வண்டியை நிறுத்திவிட்டு சாவியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். சீசனில் தெருவெல்லாம் மீட்டர். ஊரோ சின்னது, சமதளம், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடக்கலாம், கொஞ்சம் தள்ளிப் போக சைக்கிள் போதும்.

இப்போது ஊரைப் பார்ப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். இந்த வீடுகள் ஏன் இங்கே இருக்கின்றன என்று தெரியாமல் பார்த்தால் பத்து நிமிஷத்தில் எல்லாம் ஒரே மாதிரி அலங்கார வீடுகளாகத் தெரிய ஆரம்பித்துவிடும். 19ஆம் நூற்றாண்டு நடுவில் கேப் மே பெரிய புள்ளிகள் வந்து போகும் கடற்கரை, பிரம்மாண்டமான மர ஹோட்டல்கள். 1878 நவம்பரில் ஒரு தீ, சுமார் 35 ஏக்கர் சாம்பல், பெரிய ஹோட்டல்கள் பல அதோடு போயின. திரும்பக் கட்டும்போது அந்த அளவில் கட்டவில்லை, சிறுசிறு வீடுகளாக, கொஞ்சம் பழைய பாணியிலேயே கட்டினார்கள். அதற்குள் ரயில் வசதியோடு அட்லாண்டிக் சிட்டி எழுந்து கூட்டத்தையெல்லாம் அங்கே இழுத்துக்கொண்டது. கேப் மேயில் காசு புரளவில்லை, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட யாருக்கும் அவசரமில்லை, வீடுகள் அப்படியே நின்றுவிட்டன. 1962 புயலுக்கு அப்புறம்தான் பழசையெல்லாம் இடிக்கலாம் என்ற பேச்சு வந்தது. 1970ல் எம்லன் ஃபிசிக் என்பவரின் பழைய வீட்டை இடிக்கவிடாமல் தடுக்கச் சேர்ந்த உள்ளூர்க்காரர்கள்தான் ஊரையே காப்பாற்றினார்கள் என்று சொல்லலாம். அதன் பிறகு ஆறே வருஷத்தில் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற பட்டம் வந்தது.

காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். அந்த நேரத்தில் தெருவில் நாய் பிடித்துக்கொண்டு நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான் இருப்பார்கள், வெயில் சாய்வாக விழும், படம் எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. காங்கிரஸ் ஹாலில் ஆரம்பியுங்கள், உயரமான தூண் வரிசையோடு மஞ்சள் நிறத்தில் நிற்கும் ஹோட்டல். 1816ல் முதலில் மரத்தில் கட்டியது, 1878 தீயில் எரிந்து, அடுத்த வருஷமே செங்கல்லில் எழுந்தது. ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் 1891 கோடையில் இங்கே உட்கார்ந்துதான் நாட்டு வேலையைப் பார்த்தார். எதிரே பெர்ரி தெருவில் இளஞ்சிவப்பில் ஒரு வீடு, வாழ்த்து அட்டைகளில் வருவது அதுதான். அங்கிருந்து ஜாக்சன் தெரு, அப்படியே கிழக்கே போய் கர்னி தெரு, கொலம்பியா அவென்யூ. கர்னி தெருவில் ஒரே அச்சில் கட்டிய வீடுகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வண்ணம் அடித்திருப்பதால் முதல் பார்வையில் ஒரே வீடு என்று பிடிபடாது. ஜன்னலை, கூரை முனையை, தூணை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள், குழந்தைகளுக்கு இது நல்ல விளையாட்டு.

ஒரு வீட்டின் முன்னால் நின்று நிதானமாகப் பார்ப்பது பத்து வீட்டைக் கடந்து போவதை விட மேல். கூரைக்குக் கீழே சுவரில் பலகைகளை மீன் செதில் மாதிரி வளைத்து வெட்டி அடுக்கியிருப்பார்கள். தாழ்வாரத்துத் தூணுக்கும் கூரைக்கும் நடுவில் சரிகை போல ஓட்டை ஓட்டையாக மர வேலைப்பாடு இருக்கும். இது தச்சர் உளி வைத்துச் செதுக்கியது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை, நீராவியில் ஓடும் வளைவு ரம்பம் வந்த பிறகு ஆலையில் அறுத்துக் குவித்தது, அதனால்தான் நடுத்தர வீட்டுக்காரர்கூட வாசலில் இவ்வளவு ஜோடனை செய்துகொள்ள முடிந்தது. அப்புறம் அந்தத் தாழ்வாரம். சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவில் போகிறவர்களைப் பார்த்து தலையசைத்தபடி உட்கார்ந்திருப்பார்கள், நம் ஊர்த் திண்ணை தவிர வேறு எதுவும் நினைவுக்கு வராது. திண்ணைதானே என்று நம் பழக்கத்தில் படியேறிப் படம் எடுக்கப் போய்விடாதீர்கள், எல்லாம் ஆள் இருக்கும் வீடுகள், நடைபாதையோடு நின்றுகொள்ள வேண்டியதுதான். ஹோவர்டு தெருவில் சால்ஃபான்ட் என்று ஒரு ஹோட்டல், 1876ல் கட்டியது, தீயில் தப்பியது, அதன் நீளமான தாழ்வாரத்தைப் பார்க்காமல் வராதீர்கள்.

உள்ளே போய்ப் பார்க்க ஒரே ஒரு வீடு என்றால் வாஷிங்டன் தெருவில் இருக்கும் அந்த ஃபிசிக் வீடுதான். 1879ல் கட்டியது, 18 அறை, வடிவமைத்தவர் அந்தக் காலத்துப் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் ஃபர்னஸ் என்கிறார்கள். வெளியே நின்று முதலில் புகைபோக்கியைப் பாருங்கள், தலைகீழாக வைத்தது போல மேலே போகப் போக அகலமாகும். எம்லன் ஃபிசிக் டாக்டருக்குப் படித்தவர், ஒரு நாளும் வைத்தியம் பார்க்கவில்லை, சொத்து இருந்தது, கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மாவோடும் சித்தியோடும் இந்த வீட்டிலேயே காலத்தை ஓட்டிவிட்டார். வழிகாட்டியோடு கூடிய சுற்று உண்டு, மாடி ஏற வேண்டும். நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் டிராலி வண்டியும் குதிரை வண்டியும் இருக்கின்றன, டிராலிக்கே என் ஓட்டு, உட்கார்ந்தபடியே கதையும் கேட்கலாம்.

லஃபாயெட் தெருவில் ஹேரியட் டப்மன் அருங்காட்சியகம் இருக்கிறது, சின்னது, ஒரு மணி நேரத்தில் முடியும், ஆனால் பலர் தவறவிட்டுவிடுகிறார்கள். அடிமைகளைத் தப்பவைத்து அழைத்துவந்த டப்மன், அந்தப் பயணங்களுக்குக் காசு சேர்க்க 1850களின் தொடக்கத்தில் கேப் மேயில் வேலை பார்த்தார். இந்தப் பெரிய ஹோட்டல்களில் யார் தங்கினார்கள் என்ற கதையை எல்லாரும் சொல்கிறார்கள், யார் சமைத்தார்கள், யார் துவைத்தார்கள் என்பதைக் கேட்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும்.

சரி, கடல். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கேப் மேயில் பல இடங்களில் மணல் தண்ணீரை ஒட்டிச் சட்டென்று சரிகிறது, அலை தூரத்தில் உடைந்து நுரையாகத் தவழ்ந்து வராமல் கரையிலேயே வந்து ஓங்கி அடிக்கும். அலை உயரம் இடுப்பளவுதான் இருக்கும், பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் ஆளைத் தூக்கித் தலைகீழாக மணலில் குத்திவிடும், கழுத்திலும் முதுகெலும்பிலும் அடிபடுவது இப்படித்தான். நம்மவர்கள் செய்கிற காரியம் என்ன? ஜீன்ஸைச் சுருட்டிக்கொண்டு, அல்லது சுடிதாரோடு, முழங்கால் தண்ணீரில் இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடும்பப் படம் எடுப்பது. வேண்டவே வேண்டாம். எவ்வளவு ஆழத்தில் நின்றாலும் கண் அலை மேல் இருக்கட்டும், தலைகுப்புற டைவ் அடிக்காதீர்கள், குழந்தையின் கையை விடாதீர்கள், நனைந்த ஜீன்ஸ் என்ன கனம் கனக்கும் என்பது அலை இழுக்கும்போதுதான் தெரியும், குளிக்கிற உடையிலேயே இறங்குங்கள். லைஃப்கார்டு உட்கார்ந்திருக்கும் பீச்சில் மட்டும், அவர் இருக்கும் நேரத்தில் மட்டும். போனதும் அவரிடமே கேளுங்கள், இன்றைக்கு எந்தப் பக்கம் நல்லது என்று சொல்லிவிடுவார். உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும். செப்டம்பரில் போகச் சொல்கிறேன் அல்லவா, அதற்கு இது ஒன்றுதான் விலை: லேபர் டேக்குப் பிறகு பல பீச்சுகளில் லைஃப்கார்டு இருக்கமாட்டார், புயல் காலமும் அதுதான், எங்கோ நடுக்கடலில் போகிற புயல்கூட இங்கே அலையைக் கிளப்பிவிடும். யாரும் காவலுக்கு இல்லை என்றால் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மணலில் சாப்பாட்டைத் திறந்தால் கடற்காக்கை கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போகும், அதற்குத் தீனி போடவும் கூடாது.

ஒரு சாயங்காலத்தை சன்செட் பீச்சுக்கு ஒதுக்குங்கள், ஊரிலிருந்து மேற்கே சன்செட் புலவார்டு போய் முடிகிற இடம், சைக்கிளிலும் போகலாம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சூரியன் கடலில் உதிப்பதைத்தான் பார்க்க முடியும், இங்கே டெலவேர் விரிகுடா மேற்கே இருப்பதால் தண்ணீரில் மறைவதைப் பார்க்கலாம். டேக் வேண்டாம், பார்க்கிங் இலவசம், குளிக்கிற இடம் இல்லை. எதிரே தண்ணீரில் துருத்திக்கொண்டிருப்பது அட்லான்டஸ் என்ற கான்கிரீட் கப்பலின் மிச்சம். முதல் உலகப் போரில் இரும்புத் தட்டுப்பாட்டால் கான்கிரீட்டில் கட்டி 1918 கடைசியில் மிதக்கவிட்ட கப்பல், பிறகு ஃபெர்ரித் துறைக்காக இங்கே இழுத்துவந்து நிறுத்தியிருந்தபோது 1926ல் புயலில் அறுத்துக்கொண்டு தரைதட்டியது. வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறது, இப்போது பார்த்தால்தான் உண்டு, பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

அந்தக் கரையில் மணலை விடக் கூழாங்கல்தான் அதிகம், அதில்தான் கேப் மே வைரம் கிடக்கிறது. வைரம் இல்லை, தெளிவான குவார்ட்ஸ் கல், டெலவேர் ஆறு மேலேயிருந்து உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தது. கண்டுபிடிக்க ஒரு வழி: அலை இறங்கிய நேரத்தில், சூரியன் முகத்துக்கு நேரே தாழ்வாக இருக்கும்படி தண்ணீர் ஓரமாகக் குந்தி உட்காருங்கள். ஈரமான கற்களில் சாதாரணக் கல்லின் மேல் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும், குவார்ட்ஸுக்குள் வெளிச்சம் நுழைந்து கல்லே உள்ளிருந்து மங்கலாக எரிவது போலத் தெரியும். காய்ந்த கல்லில் தேடாதீர்கள், காய்ந்துவிட்டால் அதுவும் உப்புக்கல் மாதிரி வெளிறிப் போய் மற்றதோடு கலந்துவிடும். பெரிய கல் கிடைப்பது அபூர்வம், பட்டாணி அளவு நிறையக் கிடைக்கும். பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து சண்டை இல்லாமல் ஒரு மணி நேரம் செய்யக்கூடிய வேலை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சீசனில் சூரியன் மறையும் நேரத்தில் அங்கே கொடி இறக்குவார்கள், போர்வீரர் ஒருவரின் சவப்பெட்டி மேல் போர்த்திய கொடியை அவர் குடும்பத்தார் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். கூட்டம் எழுந்து நிற்கும், நாமும் எழுந்து நின்று, பேச்சை நிறுத்திவிட்டு, போனை உள்ளே வைத்துவிட வேண்டும்.

அதே வழியில் பிரிந்து போனால் கலங்கரை விளக்கம், 1859ல் கட்டியது, 157 அடி, உள்ளே 199 படி. இது மூன்றாவது விளக்கம், முந்தைய இரண்டும் நின்ற இடங்கள் இப்போது கடலுக்குள். ஏற டிக்கெட் உண்டு, வழியில் நின்று மூச்சு வாங்க இடமும் உண்டு. ஏற முடியாதவர்கள் ஏமாறத் தேவையில்லை, கீழே இருக்கும் மாநிலப் பூங்காவுக்கு நுழைவும் பார்க்கிங்கும் இலவசம், மரப்பலகை நடைபாதை சமமாக இருக்கும். பீச்சில் ஒரு கான்கிரீட் பெட்டி நிற்கும், 1942ல் இரண்டாம் உலகப் போருக்காகக் கட்டிய பதுங்கு கோட்டை, அன்றைக்குக் கடலை விட்டுத் தள்ளி மண்ணால் மூடியிருந்தது, கரை அரித்து அரித்து இன்று கடலே அதனிடம் வந்துவிட்டது. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை விளக்கத்துக்குப் பக்கத்து மேடையில் பருந்து எண்ணுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், தெற்கே போகும் பறவைகள் இந்த முனையில் வந்து குவியும், டெலவேர் விரிகுடாவைத் தாண்டத் தோதான காற்றுக்குக் காத்திருக்கும். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள், தொலைநோக்கியைக் கொடுத்துப் பெயர் சொல்லித் தருவார்கள். மோனார்க் பட்டாம்பூச்சியும் அதே பருவத்தில்தான், குளிர்காற்று வடக்கிலிருந்து வீசிய மறுநாள் புதர் புதராக ஒட்டிக்கொண்டிருக்கும். மே மாதம் போகிறவர்களுக்கு வேறு காட்சி, விரிகுடாப் பக்கக் கரைகளில் குதிரைலாட நண்டுகள் முட்டையிட ஏறிவரும், அந்த முட்டையைத் தின்னப் பறவைக் கூட்டம் இறங்கும். பறவைகளுக்காகக் கரைகளை அப்போது அடைத்துவிடுவார்கள், பார்ப்பதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் நின்று பாருங்கள்.

சாப்பாடு பற்றி நிறையச் சொல்ல இல்லை. மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம், கேப் மே பெரிய மீன்பிடித் துறைமுகம், ஸ்காலப் என்ற சிப்பி நன்றாக இருக்கும். சைவத்துக்கு பீட்சா, பாஸ்தா, பேன்கேக், அதைத் தாண்டி வாஷிங்டன் ஸ்ட்ரீட் மாலில் (மால் என்றதும் கட்டடத்தைத் தேடாதீர்கள், 1971ல் வண்டிகளை நிறுத்தி நடைக்கு விட்ட கடைத்தெரு) தேடினால் ஏதாவது மாட்டும். இரண்டு வேளைக்கு மேல் தாங்காது என்பவர்கள் புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு போங்கள், சோறு மட்டும் வைத்தால் போதும். மாலில் ஃபட்ஜ் கடை வாசலில் துண்டு கொடுத்துக் கூப்பிடுவார்கள், வாங்கிச் சாப்பிடுங்கள், வீட்டுக்குப் பெட்டி பெட்டியாக வேண்டாம், அந்த இனிப்பு யாருக்கும் முழுதாக இறங்குவதில்லை.

மூன்றாவது நாள் கையில் இருந்தால் ஃபெர்ரி. 1964லிருந்து ஓடுகிறது, விரிகுடாவைத் தாண்டி டெலவேர் மாநிலத்தின் லூயிஸ் ஊருக்கு 17 மைல், 85 நிமிஷம். காரை ஏற்றாமல் ஆள் மட்டும் போனால் செலவு குறைவு. கோடையில் டால்ஃபின் கண்ணில் படும், அதற்காகத் தனியாகப் படகு டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் இதில் ஒரு முறை போய்ப் பாருங்கள். மேல்தளத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகும், ஆகஸ்டிலும் ஒரு ஜாக்கெட் வேண்டும். குழந்தைகள் ராட்டினம், சவாரி என்று அடம்பிடித்தால் பக்கத்திலேயே வைல்ட்வுட், பீச் இலவசம், ஆனால் ஒரு பாதி நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள், அது வேறு வகை ஊர், சத்தமே வேறு.

திரும்புவது ஞாயிறு என்றால் காலை ஒன்பதுக்குள் கிளம்புங்கள், இல்லையா, சாயங்காலம் ஏழு வரை இருந்துவிட்டுக் கிளம்புங்கள். நடுவில் கிளம்பினால் பார்க்வே முழுக்கப் பிரேக் விளக்குதான். சீக்கிரம் கிளம்பினவர்கள் எக்ஸிட் 11ல் திரும்பி கேப் மே கவுண்டி மிருகக்காட்சி சாலையைப் பார்த்துவிடலாம், அனுமதி இலவசம், ஒட்டகச்சிவிங்கி, சிங்கம் எல்லாம் உண்டு, மரநிழல் நிறைய. அங்கே பிக்னிக் மேசை இருக்கிறது, மிச்சமிருக்கும் புளிசாதத்தை அங்கேயே முடித்துவிட்டு வண்டி ஏறுங்கள்.